அந்த வாரம் எரித்த எண்ணெய்

மின்விசிறி நின்றால் எங்கள் தெருவில் எல்லோரும் ஜன்னல்களைத் திறப்பார்கள். என் அக்கா மட்டும் எழுந்து போய்ச் சாத்துவாள். முதலில் படுக்கையறை, பிறகு கூடம், கடைசியில் சமையலறையின் சின்னக் கண்ணாடிப் பலகைகள். கைகள் அந்த வரிசையிலேயே பழகியிருந்தன. சாத்தி முடிப்பதற்குள் தரையில் மெல்லிய அதிர்வு தொடங்கிவிடும். அலமாரியில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கும். சற்று நேரத்தில் விசிறி மறுபடி சுழலும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா வாசலில் நின்று "கரெண்ட் பந்த்து, கரெண்ட் பந்த்து" என்று தெருவுக்கே அறிவிப்பார். மின்சாரம் வந்துவிட்டது என்று தெரு முழுக்க ஒரு நிம்மதி பரவும். அக்கா மட்டும் சாத்திய ஜன்னலின் இடுக்கில் மூக்கை வைத்து நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்தே அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் சொந்த ஊர் கல்லாவி. அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஓசூர் பக்கம், கெலமங்கலம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சின்ன ஊரில். அந்த ஊரை ஒட்டி ஒரு தொழிற்பேட்டை. அதற்கென்று கட்டிய மின்நிலையம் ஊரின் கிழக்கு விளிம்பில் நின்றது. கரெண்ட் போகும்போது மட்டும் ஓடும் நிலையம் அது. உள்ளே வீட்டளவு பெரிய இன்ஜின்கள், வெளியே பர்னஸ் ஆயில் நிரப்பிய வட்டத் தொட்டிகள், நடுவே ஒரு சிம்னி. பர்னஸ் ஆயில் விலை மலிவு, தார் மாதிரி கெட்டியானது, சூடு காட்டினால்தான் குழாயில் ஓடும். மாமா, அதாவது அக்காவின் கணவர், அங்கே கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். நான் கல்லூரி முடித்து, செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, அக்கா வீட்டிலேயே தங்கினேன். எனக்குத் திருமணமாகும்வரை அதுதான் என் வீடு.

அந்த நிலையத்தை ஊரில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. குறை சொல்ல முடியாத நிலைமையும் இருந்தது. தொழிற்சாலைகளுக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை ஊருக்கும் கொடுப்பதாக ஓர் ஏற்பாடு. குடிநீர் மோட்டார், ஆஸ்பத்திரி, எங்களுடையது உட்பட நிலையத்தை ஒட்டிய சில தெருக்கள் எல்லாம் அதனால் பிழைத்தன. சுற்றுப்பட்டு ஊர்களில் கோடைக்காலத்தில் ஜனங்கள் விசிறிமட்டையோடு தவிக்கும்போது இங்கே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மாமாவுக்கு ஊரில் தனி மரியாதை. டீக்கடையில் பெஞ்சில் இடம் விடுவார்கள். "சார், இன்னைக்கு ஓட்டுவீங்களா?" என்று கேட்பார்கள், ஏதோ அவரே வீட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுப்பவர் போல. அதிகம் பேசாத மனிதர். தலையை மட்டும் ஆட்டிவிட்டு டீயைக் குடிப்பார்.

கரி எப்போதிலிருந்து எங்கள் கண்ணில் படத் தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. மாடியில் காயவைத்த வடகத்தில் கரும்புள்ளிகள் இருந்தன. எறும்பு என்று நினைத்து அக்கா தட்டிவிடப் பார்த்தாள். அது இழுபட்டுக் கறையாகப் பரவியது. அடுப்புக்கரி தட்டினால் உதிரும். இதில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. பிறகு துவைத்த துணிகளில், துளசிச் செடியில், வெளியே நிறுத்திய சைக்கிள் சீட்டில் எல்லாம் பார்த்தோம். இன்ஜின் கிளம்பும் நேரத்தில் சிம்னியிலிருந்து கனத்த கரும்புகை சுருண்டு வரும். மேலே போகாமல் சாய்ந்து எங்கள் கூரைகளின் மேலேயே படியும். ஒரு கட்டுத் தீக்குச்சியை ஒன்றாகக் கொளுத்தியது போன்ற நெடி தொண்டையில் குத்தும். மாதத்தில் சில தடவைதானே என்று முதலில் பொறுத்துக்கொண்டோம். அந்தச் சில தடவை கோடையில் தினமும் என்றானது.

அக்கா மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது. பாப்பா என்றே கூப்பிடுவோம். ஒரு மத்தியானம் இன்ஜின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவள் விளையாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அழவில்லை. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து குழிந்து போனது. நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இது என்ன என்று நாங்கள் சொல்லுவோம் என எதிர்பார்த்த பார்வை அது. ஆட்டோவில் ஓசூர் போய்ச் சேரும்வரை அக்கா பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பரிசோதித்த டாக்டரம்மா மூச்சுக்குழல் சுருங்குகிறது என்றார். மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது, புகை இருக்கிற இடத்தில் குழந்தையை வைக்காதீர்கள் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நாங்கள் ஊர் திரும்பினோம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பயம் ஓர் ஆளைப் போலக் குடியேறியது. நெபுலைசர் மின்சாரத்தில் ஓடுவது. கரெண்ட் போனால் அது ஓடாது. நிலையம் மின்சாரம் கொடுத்தால் ஓடும். ஆனால் நிலையம் ஓடினால்தான் பாப்பாவுக்கு இழுப்பே வரும். முகமூடியைக் குழந்தையின் மூக்கில் வைத்துப் பிடித்தபடி, அந்த இயந்திரத்தின் உறுமலையும் தரையின் அதிர்வையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். மாமா வேலை முடிந்து வந்தால் நேராக உள்ளே வரமாட்டார். பின்கட்டில் சட்டையைக் கழற்றி ஊறப்போட்டு, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, அதன் பிறகுதான் மகளைத் தூக்குவார். அவள் மார்பில் காதை வைத்துக் கேட்பார். எனக்கும் அந்தப் பதற்றம் தொற்றிக்கொண்டது. கம்பெனியில் விளக்குகள் ஒரு கணம் மினுக்கி, அங்கிருக்கும் ஜெனரேட்டருக்கு மாறும்போது, கையிலிருக்கும் வேலை ஓடாது. அக்காவுக்குப் போன் செய்ய இடைவேளை மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேறு ஊருக்குப் போய்விடலாமே என்று நானே கேட்டிருக்கிறேன். கரெண்ட் போன உடனே ஓடி வரக்கூடிய தூரத்தில் ஆபரேட்டர்கள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அக்கா நிலையத்து அலுவலகத்துக்குப் போய் நேரில் சொல்லிப் பார்த்தாள். உட்காரவைத்து, மோர் கொடுத்து, பார்க்கிறோம் என்று அனுப்பினார்கள். மறுநாள் மாமாவைக் கூப்பிட்டு, வீட்டு விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்ளக்கூடாதா என்று கேட்டார்களாம். தெருவிலும் அவளுக்குத் துணை கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலும் இருமல் இருந்தது. ஆனால் அவர்களுக்குக் கரெண்ட் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. குழாயடியில் கன்னடக்காரம்மாவே ஒருநாள், உன் ஒரு பிள்ளைக்காக ஊரே இருட்டில் கிடக்கணுமா என்று கேட்டுவிட்டார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வீட்டுக்கு வந்தும் குடத்தை இறக்கிவைக்க மறந்து, அடுப்படியில் அப்படியே நின்றாள்.

இந்த நேரத்தில்தான் நிலையத்தில் இன்னொரு இன்ஜின் வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. அதற்கு அனுமதி தருவதற்கு முன் ஊர்மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள், காற்றையும் சோதிப்பார்கள் என்றார்கள். சிம்னிப் புகை சாயும் திசையில் இருந்ததால் சோதிக்கும் கருவியை எங்கள் மாடியில் வைக்க அனுமதி கேட்டார்கள். பீரோவில் பாதி உயரம் இருக்கும் ஒரு தகரப் பெட்டி. உள்ளே வெள்ளைத்தாள் ஒன்றைப் பொருத்துவார்கள். காற்றை இழுத்து அந்தத் தாளின் வழியே விடும். தாள் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு அழுக்கு. அதை வைக்க வந்த இளைஞர் அக்காவுக்குப் பொறுமையாக விளக்கினார். ஒரு வாரம் இருக்கும், தினமும் வந்து தாள் மாற்றுவேன் என்றார். அக்காவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அன்றைக்கே பாப்பாவின் துணிகளை எடுத்து வைத்தாள். புகை வரத்தான் போகிறது, பெட்டி அதைப் பிடிக்கட்டும், பிள்ளை மட்டும் இங்கே இருக்க வேண்டாம் என்றாள். நான் பாப்பாவைக் கல்லாவியில் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த வாரம்தான் கரெண்ட் போகவே இல்லை. எங்கோ மழை பெய்து வெயில் தணிந்திருந்தது. பெட்டி மாடியில் உறுமிக்கொண்டே இருந்தது. தாள்கள் போட்டபடியே, கொஞ்சம் மங்கிய வெள்ளையாக வெளியே வந்தன. அக்கா வேலைகளுக்கு நடுவே மாடிப்படி ஏறி ஏறிச் சிம்னியைப் பார்த்துவிட்டு வருவாள். கல்லாவிக்குப் போன் போட்டு மகள் ஓடியாடுகிறாள் என்று கேட்டுச் சிரிப்பாள். போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமல் சொன்னாள். "காலையில வெளக்கு வெச்சி, இன்னைக்காவது கரெண்ட் போவணும்னு கும்பிட்டேன்டி. எந்தத் தாயாவது இப்படிக் கும்பிடுவாளா?" மடிப்பு சரியாக விழவில்லை. மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

பெட்டியை எடுப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம் கரெண்ட் போனது. நான் காலை ஷிப்ட் முடிந்து வீட்டிலிருந்தேன். விசிறி நின்றது. அன்றைக்கு அக்கா ஜன்னலைச் சாத்தவில்லை. இருவரும் மாடிக்கு ஓடினோம். தரை அதிர்ந்தது. பெட்டி மீண்டும் உறுமத் தொடங்கியது. சிம்னியைப் பார்த்தபடி நின்றோம். சாம்பல் நிறத்தில் மெல்லிய புகை வந்தது, கொஞ்ச தூரத்திலேயே கலைந்துபோனது. பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால் வருகிற வாடை. தொண்டையில் குத்தவில்லை. நெடுநேரம் ஓடியது. துணிக்கொடியைத் துடைத்துப் பார்த்தோம், கையில் பிசுக்கு இல்லை. மறுநாள் அந்த இளைஞர் எடுத்த தாளும் லேசாகப் பழுப்பேறியிருந்ததே தவிரக் கறுக்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லையே அக்கா என்று அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மாமா வந்து, வழக்கம்போலக் கைகழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். அக்கா காப்பியை அவர் முன்னால் வைத்தாள்.

"நேத்து ஓட்டுனது வேற எண்ணெ" என்றாள்.

மாமா தம்ளரைத் தொடவில்லை. அதைப் பார்த்தபடியே சொன்னார். "டீசல். பொட்டி இருக்கற வரைக்கும் அதுலயே ஓட்டச் சொன்னாங்க. பர்னஸ் ஆயிலத் தொட வேணாம்னாங்க. நான் தொடல."

நான் பெரிய சண்டை வரும் என்று நினைத்து எழுந்து பின்கட்டுக்குப் போகப் பார்த்தேன். அக்கா கோபப்படவில்லை. எதையோ கணக்குப் போடுவது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "அப்போ, முடியும்" என்றாள்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்கு அப்போது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

கூட்டம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகளும் நிலையத்து மேனேஜரும் இருந்தார்கள். முன்வரிசைகளில் நிலையத்துப் பணியாளர்களை யூனிபாரத்தோடு உட்காரவைத்திருந்தார்கள். மாமா மூன்றாவது வரிசையில். சோதனை முடிவு எல்லாம் அளவுக்குள் இருப்பதாக மேனேஜர் சொன்னார், கைதட்டல் வந்தது. புதிய இன்ஜின் வந்தால் மற்றத் தெருக்களுக்கும் மின்சாரம் தருவோம் என்றார், இன்னும் பலமாகத் தட்டினார்கள். அக்கா எழுந்தபோது நான் அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் என்ன பேசப்போகிறாள் என்று மாமாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மாமா டீசல் பற்றிச் சொன்னதை இந்தக் கூட்டத்தில் உடைத்துவிட்டால் அவர் கதி என்ன?

மைக்கை அவள் கையில் வாங்கவில்லை. கொடுத்தவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதன் பக்கம் குனிந்து பேசினாள். "எங்க மாடியிலதாங்க அந்தப் பொட்டி இருந்திச்சி. அந்த வாரம் நீங்க ஓட்டுனப்ப கரி விழல. நாத்தம் வரல. நல்லா இருந்திச்சி. நான் வேற எதையும் கேக்கல. அந்த வாரம் எந்த எண்ணெய எரிச்சீங்களோ, அதையே எப்பவும் எரிங்க. எங்களுக்குக் கரெண்டும் வேணும், எங்க பிள்ளைங்களும் வேணும்."

யாரும் கைதட்டவில்லை. மேனேஜர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். எல்லா வாரமும் ஒரே எண்ணெய்தான் என்றார். அக்கா உட்காரவில்லை. "அப்போ ரொம்ப நல்லதுங்க. அதையே எழுதிக்கொடுங்க" என்றாள். மேடையிலிருந்த அதிகாரி ஒருவர் முதல்முறையாகக் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் மாமாவின் கழுத்து குனிந்திருந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது போல எனக்குத் தோன்றியது. அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து கன்னடக்காரம்மா எழுந்தார். கன்னடத்தில், சத்தமாக, அதையே கேட்டார். அந்த வாரம் தன் வெள்ளைச் சேலை வெள்ளையாகவே காய்ந்தது, மற்ற வாரம் ஏன் காயவில்லை என்றார். பிறகு இன்னொருவர் தெலுங்கில். அதன் பிறகு கூட்டத்தில் எந்த மொழியில் யார் பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த சில மாதங்கள்தான் மிகவும் கொடுமையானவை. மாமாவைக் கண்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்து, டேங்கர் லாரிகளிலிருந்து எண்ணெய் இறக்கும் இடத்தில் போட்டார்கள். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெயிலில் கறுத்து, உடம்பெல்லாம் எண்ணெய் வாடையோடு வருவார். முன்பைவிட நெடுநேரம் கை கழுவுவார். போன் அடித்தாலே அக்கா திடுக்கிடுவாள். வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்களோ என்று பயம். தான் பேசியது சரியா என்று அவள் மாமாவிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஒரே வீட்டில் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கடைசியில் முடிவு வந்தது. சிம்னியை இன்னும் உயர்த்த வேண்டும், இன்ஜின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் டீசலில்தான் ஓட வேண்டும், இப்போதைக்குப் புதிய இன்ஜின் கிடையாது. அக்கா கேட்டதில் பாதிதான். ஆனாலும் சிம்னி உயர்ந்த பிறகு புகை எங்கள் கூரைகளைத் தாண்டிப் போனது. பாப்பாவுக்கு இழுப்பு குறைந்தது. முற்றாக நிற்கவில்லை, ஆனால் நெபுலைசரை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றும் அளவுக்குக் குறைந்தது. மாமா இன்றுவரை டேங்கர் யார்டில்தான் இருக்கிறார்.

எனக்குத் திருமணமாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டேன். சென்ற கோடையில் ஒருநாள் அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை. பாப்பாவுக்கு என்னவோ என்று பயந்துபோனேன். அவளுக்கு ஒன்றுமில்லை, வழக்கமான பரிசோதனைக்குத்தான் அக்கா அவளை ஓசூர் கூட்டிப்போயிருந்தாளாம். அங்கே வரிசையில் ஒரு பெண், மடியில் சின்னப் பையன், அதே பூனைக்குட்டிச் சத்தம். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். தைலமரத் தோப்புக்கு அப்பால், ரோஜாத் தோட்டங்கள் இருக்கிற ஊர். சிம்னி உயர்ந்த பிறகுதான் அங்கே இலைகளில் கரி விழுகிறதாம். அவர்களுக்கு நிலையத்து மின்சாரமும் கிடையாது. "நம்ம தெருவுல இருந்து கெளப்பி அவங்க தலையில போட்டுட்டோம்டி" என்றாள். நீ என்ன செய்வாய், சிம்னியை உயர்த்தச் சொன்னது நீயா என்று நான் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு அவள் தூக்கம் போனது. பேசினால் அந்தப் பையனைப் பற்றியே பேசினாள்.

போன மாதம் நான் அங்கே போயிருந்தேன். இந்த ஆண்டு வெயில் அதிகம், நிலையம் பல நாள் ஓடுகிறது, நிறுத்திவைத்த புதிய இன்ஜின் பேச்சு மறுபடி வந்திருக்கிறது. ரோஜாத் தோட்டத்து ஊரில் ஆட்கள் கூடிப் பேசப்போகிறார்கள் என்று அந்தப் பெண் அக்காவை வரச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. நடந்தே போகிறேன் என்று அக்கா கிளம்பினாள். மாமா கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பை மாட்டும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நானும் வர்றேன். எப்ப எந்த எண்ணெ எரிக்கறாங்கன்னு நான் சொல்றேன்" என்றார்.

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவரைத் தடுக்கத்தான் வாயைத் திறந்தாள் என்று நினைக்கிறேன். "உங்க வேலை" என்று மட்டும் வந்தது.

அவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, திருப்பி நிறுத்தி, அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் அந்த விஷயத்தைப் பற்றி நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான். அக்கா ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோப்பின் திருப்பத்தில் வண்டி மறையும்வரை நானும் பாப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.